கொல்லையில் ஓடிய ரயிலும் கோடை வெயிலும்



திருவாலங்காடு என்றால் எல்லோரும் இரத்தின சபையைப் பற்றியும் காரைக்கால் அம்மையாரைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். போன இதழிலும் அதுதான் வந்தது. அதனால் நான் நம் ஊர் ரயிலைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் இது வரலாற்றுக் கட்டுரை இல்லை. இது பௌதிகப் பாடமும் கணக்குப் பாடமும் கலந்த கட்டுரை. கொஞ்சம் நீளம், இரண்டு சார்ட் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் சென்னை ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். வில்லிவாக்கத்தில் இறங்கிப் போகவேண்டும். ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. வந்தே பாரத் ரயில் முதன்முதலில் 2018-ல் அங்கேதான் செய்யப்பட்டது. அருங்காட்சியகம் 2002-ல் திறந்தது. உள்ளே பழைய நீராவி எஞ்சின்கள் வெயிலில் நிற்கின்றன. எல்லோருக்கும் பிடித்தது என்னவோ அங்கே மரங்களுக்கு நடுவே சுற்றிவரும் குட்டி ரயில்தான். மற்றவர்கள் கை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். நான் குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதை நம்ம வீட்டுக் கொல்லையில் செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

வெளிநாடுகளில் இப்படித் தோட்டத்தில் ரயில் விடுவது பெரியவர்களின் பொழுதுபோக்காம். ஜெர்மனியில் லேமான் என்ற பொம்மைக் கம்பெனி 1968-ல் மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற தோட்ட ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் 45 மி.மீ. இடைவெளி, தண்டவாளம் பித்தளை. இங்கிலாந்தில் சிலர் நிஜமாகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் ஓடும் குட்டி எஞ்சின்களை விடுகிறார்கள். கோடையில் ஒரு நாள் குறித்து, நண்பர்களைக் கூப்பிட்டு, டைம்டேபிள் போட்டு ஓட்டுவார்கள். அவர்களுக்குக் கோடை என்றால் இதமான வெயில். நமக்குக் கோடை என்றால் அக்னி நட்சத்திரம். வித்தியாசம் அங்கேதான் வந்தது.

இந்த 45 மி.மீ. கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். அதாவது 1000 மி.மீ. அதை 22.5-ஆல் வகுத்தால் சுமார் 44.4 வரும். எனவே 45 மி.மீ. தண்டவாளத்தில் ஊட்டி ரயிலை 22.5-ல் ஒரு பங்காகச் செய்யலாம். சென்னை மெட்ரோ ரயிலின் பாதை 1435 மி.மீ. அதை 32-ஆல் வகுத்தால் சுமார் 44.8. அதே தண்டவாளத்தில் மெட்ரோ ரயிலை 32-ல் ஒரு பங்காகச் செய்யலாம். நம் ஊர் ரயில் பிராட் கேஜ், 1676 மி.மீ. அதற்கு எந்தப் பங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

எங்களுக்கு லேமான் ரயில் எங்கே கிடைக்கும்? அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் மிச்சம் கிடந்த பட்டைகளைக் கேட்டு வாங்கினோம். ஸ்லைடிங் ஜன்னல் ஓடுமே, அந்தப் பட்டை. ஒன்று சுமார் 3.6 மீட்டர். மொத்தம் எட்டு. அதே ஜன்னலின் அடியில் இருக்கும் பள்ளம் வைத்த சின்னச் சக்கரங்களும் அங்கேயே கிடைத்தன. இரண்டு வரிசை பட்டைக்கும் நடுவில் 84 மி.மீ. விட்டோம். 1676-ஐ 20-ஆல் வகுத்தால் 83.8. ஆகவே எங்கள் ரயில் இருபதில் ஒரு பங்கு. (பெட்டி மட்டும் செருப்புப் பெட்டி. நிஜக் கணக்குப்படி ஒரு பெட்டி ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். தெரியும், யாரும் சொல்ல வேண்டாம்.) ஸ்லீப்பர் கட்டைக்குப் பதில் மூங்கில் துண்டு. பட்டையோடு பட்டை சேரும் இடத்தில் தகரத் துண்டு வைத்துக் கம்பியால் கட்டினோம். உடைந்த ரிமோட் காரின் மோட்டார், நாலு பென் டார்ச் செல். அதுதான் எஞ்சின்.

பாதை துணி துவைக்கிற கல்லில் ஆரம்பித்து மாட்டுத் தொட்டியில் முடிந்தது. நாலு பட்டை நீளம், 14.4 மீட்டர். ஒரு முனை கல்லில் இடித்துக்கொண்டும் மறு முனை தொட்டியில் இடித்துக்கொண்டும் கச்சிதமாக நின்றது. பட்டைகளுக்கு நடுவில் ஒரு மயிரிழை சந்துகூட விடவில்லை. சந்து இருந்தால் சக்கரம் தட்டும், பெட்டி ஆடும் என்று நான்தான் தம்பியிடம் அடித்துச் சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு முதல் வண்டி. கல்லுக்குத் திருவாலங்காடு என்றும், நடுவில் இருக்கும் முருங்கை மரத்துக்கு மணவூர் என்றும், தொட்டிக்குக் கடம்பத்தூர் என்றும் அட்டையில் எழுதி வைத்தோம். நடுவில் செஞ்சி பனம்பாக்கம் விட்டுப்போச்சு என்று சித்தி சொன்னார். அட்டை தீர்ந்துவிட்டது, என்ன செய்ய! ஒற்றைப் பாதை என்பதால் டோக்கன் முறை வைத்தோம். ஒரு பழைய வளையல். அது கையில் இருந்தால்தான் வண்டியை எடுக்கலாம். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வராமல் இருக்க நிஜ டிரைவருக்கும் டோக்கன் கொடுப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் கொடுக்காமல் எஞ்சின் நகராது. என் தம்பி டோக்கன் இல்லாமல் இரண்டு தடவை எடுத்தான். அவனைச் சஸ்பெண்ட் செய்தேன்.

காலையில் ரயில் அருமையாக ஓடியது. கல்லிலிருந்து தொட்டிக்கு 40 விநாடி. 14.4 மீட்டரை 40-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.36 மீட்டர். இருபது மடங்காக்கினால் மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர். நம்ம எலெக்ட்ரிக் டிரெயினுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆனால் செருப்புப் பெட்டிக்கு இது போதும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இரண்டு மணி வண்டியில் சரக்கு ஏற்றியிருந்தோம். சித்தி மகளின் கண்ணாடி வளையல் டப்பா. மணவூர் தாண்டியதும் வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் விழுந்தது. பதினொரு வளையல் போச்சு. சித்தி மகள் அழுத அழுகையில் தெருவே வந்துவிட்டது. நான் முதலில் தம்பிதான் காலால் தள்ளிவிட்டான் என்று நினைத்து அவனை அடித்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். நேராக இருந்த பாதை முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. இரண்டு பட்டையும் மூங்கில் துண்டுகளோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். 17 செ.மீ.

என் பெரியப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"கேப்பு எங்கம்மா விட்ட?"

"கேப் விட்டா ஆடும்னு விடலைங்க பெரியப்பா."

"அதான் அதுவே கேப்பு எடுத்துக்கிச்சு. வெயிலு ஏறுச்சுன்னா இரும்பு மூச்சு விடும் பாப்பா. இடம் குடுக்கலைன்னா பக்கத்துல போயிடும்."

உலோகம் சூடானால் விரியும் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனால் எவ்வளவு விரியும்? அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பாகமாக்கி அதில் 23 பாகம் விரியும். காலை ஏழு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் பட்டையின் சூட்டில் 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 14.4 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 8 மி.மீ. வருகிறது. ஒரு சுண்டு விரல் அகலம்கூட இல்லை!

இதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 8 மி.மீ. விரிந்ததற்கு 17 செ.மீ. எப்படி வளையும்? இருபது மடங்கு! இரவெல்லாம் யோசித்தேன். மறுநாள் காலையில்தான் பிதாகரஸ் தேற்றம் ஞாபகம் வந்தது. அதை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். எல்லோரும் பேப்பர் பேனா எடுங்கள்.

(படம் 1 பார்க்க. இடது பக்கம், சிவப்பு மையில் உள்ளது.)

பாதையின் இரண்டு முனையும் நகர முடியாது. ஒன்று கல், ஒன்று தொட்டி. பாதை கூரை மாதிரி நடுவில் மடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் பாதையின் பாதி, அதாவது 7200 மி.மீ. கர்ணம் விரிந்த பட்டையின் பாதி, அதாவது 7204 மி.மீ. (8-ல் பாதி 4). உயரம் என்ன?

7204-இன் வர்க்கத்திலிருந்து 7200-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். பெருக்கிக் கஷ்டப்படாதீர்கள். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது கூட்டல் பெருக்கல் கழித்தல். இயற்கணிதத்தில் இதற்குத்தான் இந்த வாய்பாடு, தேர்வுக்கு மட்டும் இல்லை. கூட்டினால் 14404. கழித்தால் 4. பெருக்கினால் 57616. இதன் வர்க்கமூலம் 240. அதாவது 240 மி.மீ. 24 செ.மீ.!

நான்கு தடவை சரிபார்த்தேன். கணக்கு சாரும் பார்த்துவிட்டார். விடை சரி. 8 மி.மீ. விரிந்தால் 24 செ.மீ. பக்கவாட்டில் போகும். காரணம் கழித்தலில் வந்த குட்டி 4 அந்தப் பெரிய 14404-ஆல் பெருக்கப்படுகிறது. பாதை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆபத்து.

எங்களுக்கு ஏன் 24 வராமல் 17 வந்தது என்று கேட்கலாம். பட்டை கூரை மாதிரி மடியவில்லை, வில் மாதிரி வளைந்தது. வில்லுக்கு உயரம் குறைவு. தகரம் கட்டிய இணைப்புகளும் கொஞ்சம் விழுங்கியிருக்கும்.

இப்போது நிஜ ரயிலுக்கு வருவோம். எஃகு அலுமினியத்தில் பாதி அளவுதான் விரியும். 23 பாகத்துக்குப் பதில் சுமார் 11.5 பாகம். பழைய முறையில் ஒரு தண்டவாளம் 13 மீட்டர். 30 டிகிரி சூடு ஏறினால் 4.5 மி.மீ. விரியும். அந்த அளவுக்குச் சந்து விட்டு, பிஷ் பிளேட் வைத்து போல்ட் போடுவார்கள். ரயிலில் தடக் தடக் என்று வருமே, அது அந்தச் சந்தில் சக்கரம் விழும் சத்தம். அதை வைத்து வேகம் கண்டுபிடிக்கலாம். 47 விநாடியில் எத்தனை தடக் என்று எண்ணுங்கள். அதுதான் மணிக்கு அத்தனை கிலோமீட்டர். ஏன் என்று 13-ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் நம்ம ஊர் மெயின் லைனில் இதைச் செய்ய முடியாது. அங்கே தடக் தடக் இல்லை. தண்டவாளங்களை ஒன்றோடு ஒன்று பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள்.

நான் உடனே பெரியப்பாவைக் கேட்டேன். "அப்போ அவங்களும் கேப் விடலையே, அது ஏன் வளையல?"

அதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய விஷயம். தண்டவாளம் விரியப் பார்க்கும். ஆனால் கனமான கான்கிரீட் ஸ்லீப்பர், அதில் கவ்விப் பிடித்திருக்கும் கிளிப், சுற்றிலும் ஜல்லி, எல்லாம் சேர்ந்து அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். விரிய முடியாத தண்டவாளம் உள்ளுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு பலம் தெரியுமா? மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.9 டன். 20 டிகிரி ஏறினால் 38 டன். நம்ம சர்க்கரை ஆலைக்கு ஆளுக்குப் பத்து டன் கரும்போடு நாலு லாரி போனால் அவ்வளவு. அதுவும் ஒரு தண்டவாளத்துக்கு மட்டும். பக்கத்துத் தண்டவாளத்துக்கு இன்னொரு நாலு லாரி. முனையில் இருக்கும் கொஞ்ச தூரம் மட்டும் நீண்டு சுருங்கும். அதற்கு இங்கிலீஷில் மூச்சு விடும் நீளம் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா மூச்சு விடும் என்று சொன்னது சும்மா பேச்சுக்கு என்று நினைத்திருந்தேன்!

ஆக, அந்த 38 டன்னைப் பிடித்து வைத்திருப்பதில் பாதி வேலை ஜல்லியுடையது. ஸ்லீப்பரின் இரண்டு ஓரத்திலும் குவித்து வைத்திருப்பது அழகுக்கு இல்லை. அங்கே ஜல்லி சரிந்தாலோ, யாராவது அள்ளினாலோ எங்கள் முருங்கை மரம் கதைதான். நம் பையன்கள் சிலர் மாங்காய் அடிக்க லைன் ஓரத்துக் கல்லைத்தான் எடுக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. தண்டவாளத்தைப் பொருத்தும்போது எந்தச் சூட்டில் பொருத்துகிறார்களோ அந்தச் சூட்டில் அதற்கு இழுப்பும் இல்லை, முட்டலும் இல்லை. இங்கிலாந்தில் அதை 27 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். 2022 ஜூலை 19-ந் தேதி அங்கே வெயில் முதன்முதலாக 40 டிகிரியைத் தாண்டியது. நிறைய ரயில்களை ரத்து செய்துவிட்டார்கள். திருத்தணியில் 40 டிகிரி என்றால் பேப்பரில் ஒரு மூலையில் போடுவார்கள், ரயில் பாட்டுக்கு ஓடும். அவர்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. நம் பக்கம் அதைவிட அதிகச் சூட்டுக்குப் பொருத்துகிறோம். அதே போல இங்கிலாந்துக் குளிரை நம் தண்டவாளத்துக்குக் கொடுத்தால் சுருங்கி இழுத்து, பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். வெயிலில் பிழைத்தால் குளிரில் மாட்டும், குளிரில் பிழைத்தால் வெயிலில் மாட்டும். நடுவில் ஓர் எண்ணைப் பிடிக்க வேண்டும். அங்கே சில இடங்களில் தண்டவாளத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால் 5 முதல் 10 டிகிரி வரை சூடு குறையுமாம். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

வெயில் நேரத்தில் காற்றைவிடத் தண்டவாளம் அதிகமாகச் சுடும். காற்று 42 டிகிரி என்றால் இரும்பு 60-ஐ நெருங்கிவிடும். அந்த நேரத்தில்தான், நாம் எல்லாம் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கும் நேரத்தில்தான், கேங்மேன்கள் லைனில் நடக்க வேண்டும். இதற்கு வெயில்கால ரோந்து என்று பெயர். இப்போது அவர்களை டிராக் மெயின்டெய்னர் என்கிறார்கள். பெரியப்பா இன்னும் கேங்மேன் என்றுதான் சொல்வார்.

அவர் சர்வீஸில் ஒரே ஒரு தடவை நிஜமாகவே வளைந்ததைப் பார்த்திருக்கிறார். மே மாதம், மத்தியானம். இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் ஜல்லி இறங்கியிருந்த இடத்தில் லைன் லேசாக நெளிந்திருந்தது. "நம்ம முருங்கை மரத்தாண்ட நெளிஞ்ச அளவுகூட இல்லம்மா, அதுல பாதிதான். ஆனா கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார். பெரியப்பா சிவப்புக் கொடியோடு அங்கேயே நின்றார். கூட வந்தவர் வண்டி வரும் திசையில் ஓடினார். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. சக்கரம் ஏறினால் பட்டாசு மாதிரி வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். 1200 மீட்டர் என்பது நம் பள்ளி மைதானத்தைப் பல சுற்று ஓடுவது. அதுவும் ஜல்லியில், அந்த வெயிலில். வெடிச் சத்தம் மூன்று கேட்கிற வரை பெரியப்பாவுக்குக் கை நடுங்கியதாம். கூட்ஸ் வண்டிதான். நின்றுவிட்டது.

"அப்புறம் என்ன ஆச்சுங்க பெரியப்பா? பரிசு குடுத்தாங்களா?"

"ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த லைனைச் சரி பண்ண வேலை குடுத்தாங்க" என்றார்.

இதைக் கேட்டபிறகு என் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். வளையலுக்கு என் உண்டியலில் இருந்து பணம் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போட்டோம். 3.6 மீட்டர் பட்டைக்கு 25 டிகிரியில் 2 மி.மீ. விரிவு என்று கணக்கு. இரண்டு மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டைச் சந்தில் வைத்துப் பட்டையைப் பொருத்தி, பிறகு அட்டையை உருவிவிட்டோம். நிஜத்திலும் இப்படித்தான் தகடு வைத்து அளந்து எடுப்பார்களாம். தொட்டிப் பக்கத்து முனையையும் 2 மி.மீ. தள்ளி வைத்தோம். ஸ்லீப்பர் ஓரத்தில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய பொடி ஜல்லி. (லைனில் எடுக்கவில்லை.) காலையில் ஓட்டியபோது சந்துக்குச் சந்து டடக் டடக் என்று சத்தம் வந்தது. வண்டி கொஞ்சம் ஆடியது உண்மைதான். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம். சந்துகள் மூடிக்கொண்டிருந்தன, பாதை நேராக இருந்தது. வண்டி ஆடாமல், சத்தமே இல்லாமல் ஓடியது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் மறுபடி டடக் டடக். கண்ணை மூடிக்கொண்டே மணி சொல்லலாம் போல இருந்தது. பெரியப்பா திண்ணையில் இருந்து கேட்டுவிட்டு, "ஆறு மணி வண்டி போவுது" என்றார். ஐந்தேமுக்கால்தான் ஆகியிருந்தது.

படம் 2-ல் சந்தின் அளவுகளைக் குறித்திருக்கிறேன். யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் இரும்புப் பட்டைக்கு 23-க்குப் பதில் 11.5 போட வேண்டும், மறக்காதீர்கள். எங்களுக்கு இன்னும் வளைவுப் பாதை வரவில்லை. அலுமினியப் பட்டையை உடையாமல் வளைக்க யாருக்காவது தெரிந்தால் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில், ஜன்னல் ஓர இரண்டாவது பெஞ்சுக்கு வந்து சொல்லவும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி